தொந்தரவு ஒன்றும் இல்லை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் ஒருவழியாக நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். உன் மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி. அதை நம் தையல் கடைக்கு வருகிறவர், போகிறவர், பால்காரர் என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வதில் பாதியாவது நீ சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது உன்னை இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனை டாக்டரிடம் காட்டினேனே, அவர் சொன்னது உனக்கு நினைவிருக்காது. நீ சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. “இது சளித்தொண்டை இல்லைம்மா. இத்தனை மாசமா குரல் கம்மிக் கிடக்குதுன்னா உள்ள கட்டி இருக்கலாம். குழாய் விட்டுப் பாத்துடணும். தள்ளிப் போடாதீங்க” என்றார். வண்டியில் திரும்பி வரும்போது முழுக்க அதுதான் காதில் ஓடியது.

இங்கே வா, நல்ல ஆஸ்பத்திரியில் காட்டிவிடுகிறேன் என்றதற்கு, முப்பது வருஷம் படையில் உழைத்தவனைப் பார்ப்பது அவர்கள் கடமை என்று முறைத்தாய். சரி, அப்படியே ஆகட்டும். படைவீரர் மருத்துவமனையில் பதிந்தாயா? எப்போது குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள்? போனை ஏன் எடுப்பதே இல்லை?

பதிலை உடனே போடு.

உன் தங்கை

பிப்ரவரி 23

அன்புத் தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லவும்.

பதிந்துவிட்டேன். வரிசை நீளம்தான். மாதம் ஒரு முறை நர்ஸ் ஒருவர் போனில் கூப்பிட்டு நிலவரம் கேட்பார், அதை வைத்து நாள் ஒதுக்குவார்கள் என்றார்கள். நல்ல ஒழுங்கான ஏற்பாடு. காத்திருப்பது எனக்குப் புதிது இல்லை.

போனில் எனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. சுடுதளத்தில் போன காது. கடிதமே போடு, நிதானமாகப் படிக்கலாம்.

இங்கே தெருக்குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. என் பேண்டுகளை இடுப்பில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இங்கே இருக்கிற தையல்காரன் கை சரியில்லை. நானே செய்துகொள்கிறேன், எப்படி என்று எழுது.

உன் அண்ணன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்ற கேள்வியை இந்த முறை சும்மா கேட்கவில்லை.

பேண்டில் பின்பக்க நடுத்தையலைப் பிரி. இடுப்புப் பட்டியையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், பட்டியை விட்டுவிட்டுத் தைத்தால் சுருங்கிச் சாக்குப்பை மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்துத் தை. இதெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இப்போது நீ சொல். அந்தப் பேண்டுகளை அளவெடுத்துத் தைத்தவள் நான். துணி தானாகப் பெரிதாகாது. இடுப்பு ஏன் இறங்கியது?

உனக்குக் காது கேட்காதது எனக்குத் தெரியாதா? கேட்காமலேயே இத்தனை வருஷமும் போனில் பேசியவன்தானே நீ. நீ “ஹலோ” என்றால் கடையில் மிஷின் ஓட்டுகிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பீரங்கி என்று உனக்குப் பெயர் வைத்ததே அவர்கள்தான். அந்தப் பீரங்கி இப்போது கடிதமே போதும் என்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

நேற்று இங்கே இருக்கும் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒருத்தர் இன்னொருத்தரிடம் தள்ளினார். அந்த இன்னொருத்தர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பிக் கூப்பிட்டால் முதல் ஆளே எடுத்து, முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை நான் போட்ட சத்தத்தில் உன் மாப்பிள்ளை முழங்காலை மறந்து எழுந்து ஓடிவந்துவிட்டார்.

நாள் கிடைத்ததா, எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

பேண்ட் தைத்தாகிவிட்டது. நீ சொன்னபடி பட்டியையும் பிரித்தேன். நேர்த்தியாக வந்தது.

நர்ஸ் கூப்பிட்டார். இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. மரியாதையான பெண். முறைப்படி கேட்டார், முறைப்படி பதில் சொன்னேன். நாள் இன்னும் வரவில்லை. வரும்.

ஒரு நல்ல செய்தி. ஒட்டகத்தை நினைவிருக்கிறதா? என்னிடம் பயிற்சி எடுத்தவன், நெட்டையன், அணிவகுப்பில் நிற்க வைத்தால் வரிசையின் உயரமே கெட்டுப்போகும். இப்போது நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். அவனுக்குக் காதில் சீழ். எனக்குப் பிறகுதான் பதிந்தான். அவனுக்கு நாள் வந்துவிட்டது, போய்ப் பார்த்தும் விட்டார்கள். ரொம்ப சந்தோஷம்.

பல் கொஞ்சம் ஆடுகிறது. அதனால் பாலில் ரொட்டியை ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். அதுவும் ருசியாகத்தான் இருக்கிறது. நாய்க்குட்டிகள் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டன.

உன் அண்ணன்

ஏப்ரல் 11

அண்ணா,

நலம் விசாரிப்பை நீயே போட்டுக்கொள். எனக்குப் பொறுமை இல்லை.

உனக்குப் பின்னால் பதிந்தவனுக்கு எப்படி முன்னால் நாள் வரும்? அதில் உனக்கு என்ன சந்தோஷம்? அந்த நர்ஸ் உன்னிடம் என்ன கேட்டார், நீ என்ன பதில் சொன்னாய்? வார்த்தைக்கு வார்த்தை எழுது. மழுப்பாதே. பல் ஆடுகிற கதையை வேறு யாரிடமாவது சொல்.

உன் தங்கை

மே 12

அண்ணா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ எழுதாவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா?

இன்று கடையைப் பூட்டிவிட்டு நல அலுவலகத்துக்கே நேரில் போனேன். மேஜைக்கு மேஜை அலைந்தேன். கடைசியில் ஓர் அதிகாரி, நல்ல மனுஷன், கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். “பதிஞ்ச வரிசைப்படி இல்லைம்மா. யாருக்குத் தொந்தரவு அதிகமோ அவங்க முன்னால போவாங்க. உங்க அண்ணன் நர்ஸ் கேட்டப்பெல்லாம் தொந்தரவு ஒண்ணும் இல்லைன்னுல்ல சொல்லியிருக்காரு” என்றார்.

அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு உனக்காகச் சண்டை போட வந்த நான் யாரோடு சண்டை போடுவது?

சரி, நான் சொல்கிறேன், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முடியாதாம். நோயாளியே தன் வாயால் சொல்ல வேண்டுமாம். அதுவும் அவர்கள் கூப்பிடுகிறபோது சொல்ல வேண்டுமாம். நடுவில் நாமாகக் கூப்பிட்டால் எடுத்துக்கொள்ள வழி இல்லையாம். ஒரு மனுஷனுக்குத் தொண்டையில் கட்டி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டுக்கொள்ள இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு காது இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாய்? எதற்காக?

தங்கை

மே 20

அன்புத் தங்கைக்கு,

கோபப்படாதே. உன் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

தெரிந்து சொன்ன பொய் இல்லை அது. உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

படையில் காலை அணிவகுப்பு முடிந்ததும் உடம்பு சரியில்லை என்கிறவர்கள் தனி வரிசையாக நிற்பார்கள். டிரில் மாஸ்டர் அவர்கள் முன்னால் போய் நின்று, “தொந்தரவு இருக்கா?” என்று கேட்பார். நான் மாஸ்டர் ஆகிக் கேட்டால் பாதி வரிசை அங்கேயே கலைந்துவிடும். இருக்கிறது என்று சொல்கிறவன் டிமிக்கி கொடுக்கிறவன். இல்லை என்று சொல்கிறவன் ஆண்பிள்ளை. நான் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டு என்றே எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண் போனில் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்டார். உட்கார்ந்திருந்தவன் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டேன். “தொந்தரவு ஒன்றும் இல்லை” என்று வாய் சொல்லி முடித்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் எச்சில் விழுங்கினேன், அப்போதுதான் வலி தெரிந்தது. அடுத்த தடவையும் அதுவேதான் நடந்தது. மூன்றாம் தடவையும்.

இனி சொல்கிறேன். அடுத்த முறை கூப்பிட்டால் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நீ அலையாதே.

உன் அண்ணன்

மே 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். என்னை விசாரிக்கிற சாக்கில் தப்பிக்கப் பார்க்காதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் திட்டினேன். உன்னை, உன் படையை, அந்த ஆஸ்பத்திரியை எல்லோரையும். முப்பது வருஷம் இப்படிச் சொல்லிப் பழகியவர்களிடம் அதையே கேட்டு, அந்தப் பதிலை நம்பி வரிசை போடுகிறார்களே, இவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று? அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், வீட்டில் ஒருத்தராவது உண்மையை எழுத வேண்டும் அல்லவா.

உன் வாயை நான் நம்பவில்லை. அதனால் கீழே எழுதியிருக்கிறேன். இதைக் கிழித்துப் போன் பக்கத்தில் ஒட்டிவை. நர்ஸ் கேட்டதும் யோசிக்காமல் படி:

“குரல் கம்மிப் போய்விட்டது. திடமாக எதையும் விழுங்க முடியவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. கட்டியாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொந்தரவு இருக்கிறது.”

கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படி.

உன் தங்கை

ஜூன் 19

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் மாஸ்டரிடம் பயிற்சி எடுத்தவன். அவர் எனக்கு வைத்த பேர் ஒட்டகம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மாஸ்டருக்குப் போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் எழுதியனுப்பியதைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். மணி அடித்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார். நர்ஸ் கேட்டார். மாஸ்டர் படித்தார்.

அக்கா, சத்தம் வரவில்லை. சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு இரைச்சல்தான் வந்தது. போன மாதக் கடைசியிலிருந்தே அப்படித்தான். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் “ஹலோ, ஹலோ, சத்தமா பேசுங்க” என்றார். மாஸ்டர் மறுபடி முதலிலிருந்து படித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. “லைன்ல யாரும் இல்லை போல” என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அப்புறமும் மாஸ்டர் ரிசீவரைப் பிடித்தபடி கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். நோயாளியைப் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். குரல்தான் நோயே என்றேன். விதி அப்படி என்றார்கள். கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாதவர் என்று பேரை எடுத்துவிட்டார்களாம், புதிதாகப் பதிய வேண்டுமாம்.

பாலைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை அவருக்கு. நாய்க்குட்டிக்குத்தான் ரொட்டியை எல்லாம் போடுகிறார். நாளைக்கு நான் காது ஆபரேஷனுக்குப் போகிறேன், பிறகு சில வாரம் மகள் வீட்டில். அவரைத் தனியாக விட்டுப் போக மனசு இல்லை. நீங்கள் வந்துவிடுங்கள்.

தங்கள் தம்பி,
ஒட்டகம்

ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

காது எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா? உன் கடிதம் வந்த அன்றே கிளம்பிவிட்டேன். பதில் எழுத இன்றுதான் கை ஓய்ந்தது.

கதவைத் திறந்தவரைப் பார்த்து ஒரு கணம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் பேச வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. சமையலறைக்குப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு வார்த்தையும் திட்டவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர், புதிதாகப் பதிந்துவிட்டு வீட்டில் போய் அழைப்புக்குக் காத்திருங்கள் என்றார். அழைத்தால் இவர் எப்படிப் பேசுவார் என்றேன். அதற்குத் தனிப் படிவம் வரப்போகிறது, இன்னும் வரவில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வழியாக ஓர் இளம் டாக்டர் போனார். அவரை வழிமறித்தேன். அண்ணனை அவர் முன்னால் நிறுத்தி, ஏற்கெனவே பிடித்துத் தைத்த பேண்டையே இடுப்பில் கொத்தாகப் பிடித்துக் காட்டினேன். என் கை நிறையத் துணி இருந்தது.

“இது போன வருஷம் நான் தைச்சது டாக்டர். நான் அளவு தப்பாத் தைக்கிறவ இல்லை” என்றேன்.

அவர் துணியைப் பார்த்தார், அண்ணன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கே குழாய் விட்டார்கள். கட்டிதான், தம்பி. கெட்ட கட்டி. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கதிர் சிகிச்சையோடு போயிருக்கும், குரலும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது உயிரா குரலா என்கிற நிலை. போன வாரம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை போட்டு அது வழியாக மூச்சு விடுகிறார். உயிருக்கு இனிப் பயமில்லை என்கிறார்கள்.

நீ எழுதியிருக்காவிட்டால் இதுவும் இல்லை. நன்றாக இரு.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன் மாப்பிள்ளை நான் இல்லாதபோது இளைத்துவிட்டதாகச் சொல்கிறார். பேண்ட் அப்படிச் சொல்லவில்லை. துளையைச் சுற்றிச் சுத்தம் செய்வதை நர்ஸ் காட்டியபடி செய்கிறாயா?

ஆஸ்பத்திரித் தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிய புகாருக்குப் பதில் வந்திருக்கிறது. கேட்கப்பட்டபோது நோயாளி தொந்தரவு எதையும் தெரிவிக்கவில்லையாம், ஆகவே தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்லவாம். அழகாக முத்திரை வேறு. படித்ததும் கத்தரிக்கோலை வீசிவிட்டேன், நல்லவேளை சுவரில்தான் பட்டது. மறுபடி எழுதியிருக்கிறேன். போனில் கேட்காதீர்கள், ஆளை நேரில் பாருங்கள், தொந்தரவு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், என்ன சாப்பிட்டாய், எவ்வளவு இளைத்தாய் என்று கேளுங்கள் என்று. இதற்கும் அதே முத்திரையோடு பதில் வரும். மூன்றாவதாகவும் எழுதுவேன்.

அண்ணா, ஒன்று சொல்லட்டுமா? கடைப் பெண்கள் பீரங்கி எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள். நான் மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விடுகிறேன். இனி உன் குரலைக் கேட்கவே முடியாது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறது. அதைவிட அவர்கள்மேல். ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை.

உன் தங்கை

அக்டோபர் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. துளையைச் சுற்றி எரிச்சல். குனிந்தால் மூச்சு முட்டுகிறது. சாப்பாட்டில் மணமே தெரியவில்லை. கூப்பிட நினைத்து வாயைத் திறந்துவிட்டு, பிறகு மூடிக்கொள்கிறேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், நிஜமாக எழுது.

போன வாரம் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரில் வந்து பதிகிறவர்களுக்கு இப்போது கூடத்திலேயே மேஜை போட்டு ஒரு நர்ஸை உட்கார வைத்திருக்கிறார்கள். உன் இரண்டாவது கடிதத்தாலா, யார் கண்டார்கள். ஆனால் கேள்வி பழையதேதான். கட்டு மாற்ற வருகிறவர்களும் அதே வரிசைதான். எனக்கு முன்னால் நின்றவர் பழைய சிப்பாய், என் வயதுதான். நின்ற நிற்பிலேயே தெரிந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“தொந்தரவு இருக்கா?” என்று நர்ஸ் கேட்டார்.

அவர் கையை வயிற்றிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டார். “ஒண்ணும் இல்லைங்க” என்றார்.

நர்ஸ் அதையே எழுதினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்த என்னிடம் என்ன இருக்கிறது? வரிசையை விட்டு வெளியே வந்து அவர் முன்னால் போய் நின்றேன், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி. அவரும் நிமிர்ந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தேன். பிறகு விரலை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினேன்.

“அம்மா” என்று அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. நான் நர்ஸைப் பார்த்து, எழுது என்று சைகை காட்டினேன். எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். அவரை உள்ளே அழைத்துப் போனார்கள்.

எனக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பியதுதான் தாமதம், “எனக்கு இடுப்பில வலி, கால் மரத்துப்போகுது, வருஷக்கணக்கா இருக்கு” என்று கடகடவென்று சொல்லிவிட்டார்.

கட்டு மாற்றுவது இனி மாதம் ஒரு முறை போதும் என்கிறார்கள். நான் வாரா வாரம் போவதாக இருக்கிறேன்.

உன் அண்ணன்